ஒச்சம்மாளின் சம்மதம்

வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு ராணி ஒச்சம்மாள்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாகிறது. குழந்தைச் சட்டையை உதறி விரித்தால் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ அவள் கண்ணுக்குத் தப்பாது. இடது முன்கையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களை வரிசையாக ஒட்டி வைத்திருப்பாள். குறையைக் கண்டதும் ஒன்றை உரித்து அந்த இடத்தில் ஒட்டுவாள். பக்கத்து மேசைக்காரியான நான் மூன்று உருப்படி பார்ப்பதற்குள் அவள் ஐந்தை முடித்துவிட்டு என்னைக் கேலியும் செய்வாள்.

போன மாதம் அந்தக் கையில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. சூப்பர்வைசர் தனபால் பார்த்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கெடுத்தாலும் பதறுவார்.

"கொழந்தைங்க போடற துணிங்க. ஒட்டுவாரொட்டியா இருந்தா என்னங்க பண்றது? ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வாங்க."

அப்படிப் போய் வந்தவர்கள் யாருக்கும் எங்கள் கம்பெனியில் பழைய மேசை திரும்பக் கிடைத்ததில்லை. ஒச்சம்மாளின் முகம் சுண்டிப்போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"டாக்டர் சொல்லட்டுங்க, அப்பறம் அனுப்புங்க" என்று நான்தான் குதித்தேன். சரியென்று தனபால் தன் போனிலேயே வீடியோவில் ஒரு தோல் டாக்டரைப் பிடித்தார். கீர்த்தனா என்ற இளம் பெண். தன் பெயரையும் பதிவு எண்ணையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் தனபால் தொடங்கிவிட்டார்.

"எங்க லேபருங்க. கையெல்லாம் பரவுதுங்க. ஒரு மாசம் லீவுன்னு எழுதிக் குடுத்துருங்க."

"நோயாளி யாருங்க?"

"இங்கதானுங்க நிக்குது. நான்தான் சொல்றனுங்களே."

"விதிப்படி பேரு, வயசு அவங்களே சொல்லணும். என்கிட்ட பாத்துக்கச் சம்மதம்னும் அவங்கதான் சொல்லணும். அப்பறம்தான் நான் அவங்களுக்கு டாக்டர். போனை அவங்ககிட்ட குடுங்க."

போன் கை மாறியது. ஒச்சம்மாள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். "பேரு ஒச்சம்மாள். வயசு நாப்பத்தாறு."

"என்கிட்ட வைத்தியம் பாத்துக்கச் சம்மதமாம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் கல்யாணத்துலகூட இத யாரும் கேக்கல தாயி. சம்மதம்!"

டாக்டர் கையைக் காட்டச் சொன்னார். போனில் சரியாகத் தெரியவில்லை. ஒச்சம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொரு தடிப்புக்குப் பக்கத்திலும் ஓர் அம்புக்குறியை ஒட்டி, செக்கிங் விளக்குக்கு அடியில் கையை நீட்டினாள்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "இந்த ஸ்டிக்கரெல்லாம் எங்கம்மா வச்சிருப்பீங்க?"

"கையிலதான் தாயி. நாள் பூரா ஒட்டிக் கெடக்கும்."

"எந்தக் கையில?"

ஒச்சம்மாள் தடித்திருந்த கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன், தனபாலும் பார்த்தார். வலது கையில் ஒரு பொட்டுத் தடிப்புகூட இல்லை.

கம்பெனி புதிதாக வாங்கிய ஸ்டிக்கரின் பசை உடம்புக்குச் சேராமல் வந்த அலர்ஜியாம். யாருக்கும் தொற்றாது, தாராளமாக வேலை செய்யலாம், ஸ்டிக்கரை மேசை விளிம்பில் ஒட்டிக்கொண்டால் போதும். களிம்பின் பெயரோடு இதையெல்லாம் டாக்டர் சீட்டாகவே எழுதி அனுப்பிவிட்டார். அன்று டீ நேரத்தில் ஒச்சம்மாள் எங்கள் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். தனபாலுக்கும் இரண்டு.

அடுத்த வாரம் அவர் வழக்கம்போல வந்து, "இன்னிக்கு ஒன்றரை ஷிப்ட்டுங்க, ஒம்பது மணி வரைக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"சார், ஒண்ணு கேக்க மறந்துட்டீங்களே" என்றாள் ஒச்சம்மாள்.

"என்னங்க?"

"சம்மதமான்னு."

மனிதர் நெளிந்தார். நாங்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தோம். வேறு வழியில்லாமல் கேட்டார்.

"சம்மதங்களா?"

ஒச்சம்மாள் நிமிர்ந்து நின்றாள். "பேரு ஒச்சம்மாள். வயசு நாப்பத்தாறு. இன்னைக்குச் சம்மதமில்ல."

ஒரு ஷிப்ட் முடிந்த ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் அவளோடு போனேன்.