ஆரியசாலை உச்சிவெயில்

திருவனந்தபுரத்தில் ஆண்களும் வெயிலுக்குக் குடை பிடிப்பார்கள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் உடன்குடிப் பக்கம் ஓர் ஆம்பிளை மழையில்லாத நாளில் குடை விரித்தால் தெருவே கேலி பண்ணும். கொஞ்ச நாளில் நானும் குடைக்காரி ஆனேன், லீவு அன்று கடைத்தெருவுக்குப் போனாலும் குடைதான். ஆரியசாலை மளிகைக் கிட்டங்கி ஒன்றில் மிளகும் ஏலக்காயும் பொட்டலம் கட்டும் வேலை. விடிந்ததும் உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவேன். வெயில் படாத பிழைப்பு என்று ஊரில் பெருமையடித்ததும் உண்டு.

போன வருஷம் விரல்கள் வீங்கின, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. முடக்குவாதம் என்றார் டாக்டரம்மா. உடம்பின் காவல் சக்தி சொந்த மூட்டையே அந்நியன் என்று நினைத்து அடிக்கிற நோயாம். ரத்தத்தில் வைட்டமின் டி மிகக் குறைவு.

"தமிழ்நாட்டுக்காரியல்லே? அவிடெ நல்ல வெயிலல்லோ!"

"அதைப் பொட்டலம் கட்டியா கொண்டுவர முடியும் டாக்டர்?"

பொட்டலம் என்றதும் நான் நாட்டுமருந்துப் பொட்டலம் சாப்பிடுவதாக நினைத்துக் கோபித்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்தக் காவல் சக்தியைக் கட்டுக்குள் வைப்பதில் வைட்டமின் டிக்கும் பங்குண்டு. ஆனால் அது மட்டும் நோயைத் தீர்க்காது, முடக்குவாத மாத்திரையை நிறுத்தவே கூடாது. காலை இளவெயில் போதாது, வெயில் ஏறிய பிறகு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அண்ணன் போனில் வேறு வைத்தியம் சொன்னான். "ஏட்டி, மாத்திரைய எல்லாம் தூர எறிஞ்சிட்டு ஊருக்கு வா. நம்ம வெயில்ல நின்னா தன்னால சரியாயிரும்."

"மாத்திரைய விட்டா கை கோணிரும்ணே. பொறவு எப்படிப் பொழைக்க?"

"நாங்க சோறு போட மாட்டோமா?"

அந்தக் கேள்விதான் சுட்டது. கணவர் இறந்துபோன பிறகு இந்த விரல்களை வைத்துத்தான் நிமிர்ந்தேன். தமிழச்சி என்று இளக்காரமாய் 'பாண்டிக்காரி' என்றவர்களோடு சண்டை போட்டு இந்த ஊரில் இடம் பிடித்தவள், என் உடம்பே என்னை அந்நியம் என்றால் விடுவேனா?

மறுநாள் மாத்திரையை விழுங்கிவிட்டு, உச்சிவேளையில் குடையில்லாமல் கிட்டங்கி முன்னால் சந்தில் நின்றேன். மேற்பார்வை பார்க்கும் ஓமனச் சேச்சி பதறினார்.

"அகத்து வா! கறுத்துப்போகும். முதலாளி கண்டா ஜோலியும் போகும்."

"கறுத்தா கறுக்கட்டும் சேச்சி. கை போச்சுன்னா மட்டும் ஜோலி இருக்குமா?"

அந்நேரம் பார்த்து போன் அடித்தது. "ஏட்டி, ஊருக்கு எப்ப வாற?" என்றான் அண்ணன். வாசலில் சேச்சி இன்னும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் கேட்கும்படி, "வர மாட்டேன்" என்றேன். அந்தச் சந்தில் வெயில் விழுவது ஒரு முழ அகலம்தான். அதற்குள் நின்று, வீங்கிய விரல்களை நன்றாக விரித்துக்கொண்டேன்.