கோலியண்ணைக்கு விட்ட பக்கம்

மூலையில் கீறல் விழுந்த என் கைத்தொலைபேசியில் அந்தக் காணொளி ஓடிக்கொண்டிருந்தபோது பஸ் கோப்பாய்ச் சந்தியில் நின்றது. அமெரிக்காவில் பேஸ்போல் என்று ஒரு விளையாட்டு. அதில் பெரிய கழகங்களோடு ஒட்டும் உறவும் இல்லாமல் தனியாக நடக்கும் லீக்குகள் உண்டாம். பெரிய கழகம் கழற்றிவிட்டவன், ஒருவரும் தெரிவுசெய்யாதவன், இந்த ஒரு வருடம் மட்டும் என்று சொல்லிச் சொல்லியே வருடங்களை ஓட்டுபவன், எல்லாரும் அங்கே சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். "உது எங்கடை ஆக்கள்தானே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பஸ் கிளம்பிவிட்டது, நான் இறங்க மறந்துபோனேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். படிப்பைவிட அதிக நேரம் எடுத்தது உதைபந்தாட்ட லீக் ஒன்று. ஆறு அணிகள், எந்தச் சங்கத்திலும் பதியாதவை. வீரர்களுக்கு ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று பேசி எடுப்பார்கள். ஆட்ட அட்டவணை போடுவதும் கோல் கணக்கு எழுதுவதும் என் வேலை. காணொளி பார்த்த அன்றே ஒரு கொப்பி வாங்கினேன். ஆளுக்கொரு பக்கம், ஒவ்வொருவரும் எந்த வகை என்று எழுதிவிடுவது. எனக்கு அப்போது எல்லாவற்றையும் வகைப்படுத்திவிட முடியும் என்று ஒரு நினைப்பு.

முதல் பக்கங்கள் மளமளவென்று நிரம்பின. கொழும்புக் கழகம் ஒன்றில் இரண்டு பருவம் இருந்துவிட்டு வந்த ஒருவர், அந்தக் கழகத்தின் பயிற்சிச் சட்டையைச் சின்னம் உரிந்துபோன பிறகும் சந்தைக்குக்கூடப் போட்டுக்கொண்டு போவார். அச்சுவேலிக்காரன் ஒருவன் கனடா விசாவுக்குக் காத்திருந்தான். ஒவ்வொரு ஆட்டமும் அவனுக்குக் கடைசி ஆட்டம். மூன்று தரம் கேக் வெட்டி வழியனுப்பினோம், மூன்று தரமும் அடுத்த ஞாயிறு அவனே முதல் ஆளாக வந்து நின்றான். நான்காவது கேக்குக்கு ஒருவரும் காசு சேர்க்கவில்லை. சங்கத்தில் பதிந்தவர்கள் வெளி லீக்கில் ஆடக்கூடாது; அப்படிப் பதிந்த இன்னொருவர் அகப்படாமலிருக்கத் தாடி வளர்த்து, மச்சானின் பெயரில் ஆடினார். அவர் பந்தைத் தொட்டாலே கரையில் நின்ற சனம் முழுவதும் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும்.

கோலியண்ணையின் பக்கம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. எங்கள் அணிக்குக் கோல் காப்பவர் என்பதால் அந்தப் பெயர். யாழ்ப்பாணக் கரையில், கொழும்புத்துறையில் படகு வைத்திருந்தார், வயது முப்பத்து நாலு. இளம் வயதில் கொழும்பிலிருந்து தெரிவுக்கு அழைப்பு வந்ததாம். அப்போது சண்டையால் கொழும்புப் பாதை பூட்டியிருந்தது. அவ்வளவுதான் சொல்வார். இறங்கி வந்தவர் என்று எழுத, அவர் ஏறவே இல்லை. ஏறக் காத்திருப்பவர் என்று எழுத, வயது இடிக்கிறது. ஒருநாள் அவரே கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"என்னடாப்பா, என்ரை பக்கத்திலை ஒண்டும் இல்லை? நான் செத்துப்போனனே?"

"யோசிக்கிறன் அண்ணை."

"கெதியா யோசி. எனக்கு நேரமில்லை."

பகிடியாகத்தான் சொன்னார். அடுத்த மாதம் கொழும்புக் கழகமொன்றின் பயிற்றுநர் எங்கள் அரையிறுதியைப் பார்க்க வருகிறார், அவர்களுக்கு வேண்டியது ஒரு கோல்கீப்பர் என்ற செய்தி வந்தபோதுதான் அது பகிடி இல்லை என்று விளங்கியது. கோலியண்ணை வெற்றிலைச் சிவப்புத் தெரியச் சிரித்தார். "ஒரு ஆட்டம் பாத்தால் காணும் தம்பி. பிறகு அவை வேண்டாம் எண்டால் வேண்டாம்."

பயிற்றுநர் வசதியாக இருக்கும் என்று சொன்ன ஞாயிறுகளில் ஒன்றை நான் தேர்ந்தெடுத்தேன். அட்டவணை போடுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எந்த ஊரில் எப்போது தேர், எப்போது தீர்த்தம் என்று ஒவ்வொரு அணித் தலைவரையும் கேட்டுக் கலண்டரில் குறித்திருந்தேன். எங்கள் ஒழுங்கை முடக்கில் இருக்கும் வைரவர் பொங்கலுக்குக்கூட ஒரு ஞாயிறை விட்டிருந்தேன். கொழும்புத்துறையில் அந்தோனியார் கோவில் திருநாள் என்றைக்கு என்று ஒருவரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நான்கு நாட்களுக்கு முதல் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த கோலியண்ணையிடம் நேரத்தைச் சொல்லப் போனபோதுதான் தெரிந்தது: அதே ஞாயிறு, பின்னேரம் அந்தோனியாரின் சுருவத்தைக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றிவருவார்கள், கூட்டின் முன்தடியில் இடப்பக்கத் தோள் இவருடையது. ஒரு தரம் படகு கவிழ்ந்து கரை சேர்ந்ததிலிருந்து நேர்த்திக்கடன்.

"முந்தியே சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"நீ கலண்டர் வச்சிருக்கிறாய் எண்டு நினைச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றும் குத்துகிறது. பயிற்றுநரின் ரயில் திங்கள் காலையில்; மாற்ற வழியில்லை. பாதி வழி சுமந்து, மிச்சத்துக்கு மச்சானைத் தோள் கொடுக்கச் சொல்லிவிட்டு வருவதாகக் கோலியண்ணை முடிவெடுத்தார். முதல் பாதியில் எங்கள் பின்வரிசைக்காரன் ஒருவன் கையுறை மாட்டி நின்று இரண்டு கோல் வாங்கினான். இடைவேளையில் மோட்டார்சைக்கிள் புழுதியோடு வந்தது. கோலியண்ணை வெள்ளைச் சேட்டைக் கழற்றியபோது இடத்தோள் தடியின் அகலத்துக்குக் கன்றிச் சிவந்திருந்தது. இரண்டாம் பாதியில் அவர் தடுத்த ஒரு பந்தைப் பற்றி இன்னும் கதைக்கிறார்கள். வலது மூலையில் மேலே போனதை ஒற்றைக் கையால் தட்டிவிட்டார். நாங்களும் இரண்டு அடித்துச் சமப்படுத்தினோம். கடைசியில் இடப்பக்கம் தாழ்வாக ஒன்று வந்தது. வேகமான அடிகூட இல்லை. உள்ளே போய்விட்டது.

பயிற்றுநர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கை நல்ல கை. வயசென்ன?" சொன்னேன். தலையை ஆட்டினார். எதிரணிக்குக் கோல் காத்த இருபது வயதுப் பையனின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு போனார்.

நான் கோல் கம்பத்தடிக்குப் போய், "என்ரை பிழை அண்ணை. தோள் நொந்துதானே விட்டனீங்கள்?" என்றேன். உண்மையில் அவர் ஓம் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்படியென்றால் குற்றம் எனக்கு, ஆனால் ஆட்டக்காரர் வயதால் குறையாமல் முழுதாக இருப்பார்.

"விசரா, அது காலாலை எடுக்கிற பந்து. கால் பிந்திட்டுது. தோளிலை பழியைப் போடாதை, அந்தோனியாருக்குக் கேக்கும்."

இது மூன்று பருவத்துக்கு முந்திய கதை. அச்சுவேலிக்காரன் உண்மையாகவே கனடா போய்விட்டான், கேக் இல்லாமல். நான் படிப்பை முடித்தேன். அட்டவணை இன்னமும் என்னிடம்தான். கலண்டரில் முதலில் சிவப்பில் வட்டமிடுவது அந்தோனியார் திருநாளை. கொப்பியில் எழுதிய வகைகளைத் திரும்ப வாசித்தால் கூச்சமாக இருக்கிறது. வெறும் பக்கம் ஒன்றில்தான் பொய் இல்லை.

போன கிழமை கோலியண்ணை வந்தார். விடியக் கரைக்கு வந்ததும் ஈர மணலில் கால் பழகக் கயிறடித்துத் துள்ளுகிறாராம், நாள் தவறாமல். "கொழும்பிலையிருந்து ஆரும் வருவினமோ?" என்றார். அன்று பின்னேரமே பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆளை மறக்கவில்லை அவர். வருவதாகச் சொல்லவில்லை, ஒரு முழு ஆட்டத்தைக் காணொளியாக எடுத்து அனுப்பினால் பார்ப்பதாகச் சொன்னார்.

வரும் ஞாயிறு ஒரு ஊரிலும் தேரில்லை, திருநாளில்லை. இரண்டு தரம் கேட்டுவிட்டேன். அதே கீறல் விழுந்த கைத்தொலைபேசியைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு தடியில் கட்டி வைக்கப்போகிறேன். நேற்று இடம் பார்க்கக் கோலியண்ணையும் வந்தார். நான் திரையில் அவருடைய கையும் தலையும் விழும்படி உயர்த்திக் கட்டினேன். அவர் வந்து பார்த்துவிட்டுத் தானே ஒரு சாண் கீழே இறக்கினார்.

"கையை அவர் கண்டிட்டார். கால் தெரியிற மாதிரி எடு."