தறிக்குழியில் தூங்கிய டைகர்

மேசைக்கு அடியில் மகளுடைய நாய்க்குட்டி வந்து, என் பாதத்தின்மேல் தலைவைத்துப் படுத்தது. அந்தச் சூடு பட்டதும் பெரிய காஞ்சிபுரத்தில் நான் வளர்ந்த வீட்டின் தறிக்குழி கண்முன் வந்தது.

அப்பா குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து பட்டு நெய்வார். எங்கள் நாய் டைகர், அந்தக் குளிர்ந்த மண்ணில் அவருடைய இடது பாதத்தின்மேல் தலைவைத்துத் தூங்கும். பிள்ளைகள் தறியைத் தொட்டாலே அடிக்கிற மனிதர், அதை எழுப்பாமல் வலது காலாலேயே தறியின் இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி மிதிப்பார். 'கடக் படக்' என்று தறி ஓடும்வரை அது கண் திறக்காது. சத்தம் நின்றால் தலை தூக்கும்.

டைகர் நோயில் கிடந்த ஒரு மத்தியானம், சேலை முடிந்து அறுத்தும் எடுத்தாகிவிட்டது. தறியில் ஒரு இழைகூட இல்லை. அப்பா எழுந்திருக்காமல், குறுக்கிழை கொண்டுபோகும் நாடாவை வெறுமனே ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"வெறுந்தறியில என்னாத்த நெய்யிறீங்க?" என்றாள் அம்மா.

"சத்தம் நின்னா முழிச்சிக்கினு வலியில கத்துது. தூங்கட்டும்" என்றார் அப்பா.

அதன் மூச்சு எப்போது நின்றதென்று எங்களுக்குத் தெரியாது. அப்பாவின் பாதத்துக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் வெயில் சாயும்வரை தறி நிற்கவில்லை.

மேசையில் என் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. குட்டி தூங்குகிறது. நான் இன்னும் காலை நகர்த்தவில்லை.