அக்காவுக்குத் துணை போன சனிக்கிழமைகள்

அக்காவுக்குத் துணையாக என்னை அனுப்பிய அம்மாவின் துணிச்சலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. தெருநாய் குரைத்தால் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிற ஆள் நான்.

எங்கள் ஊரான ராஜபாளையத்தில் டைப்ரைட்டிங் வகுப்பில் இடம் கிடைக்காமல், சனிக்கிழமைதோறும் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தாள். பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்று கூடவே நானும். வகுப்புக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பெண்கள் யாரும் அதற்குள் போவதில்லை. "தம்பி ஆடணும்னு அழுதான், செத்த நேரம் பாத்துக்கிடுதேன்" என்று கடைக்கார அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு அக்கா உள்ளே நுழைந்தாள். நான் அழவே இல்லை. மறுவாரம் பக்கத்துக் கைப்பிடி அவள் கையில் இருந்தது.

இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. கோடாரி வைத்த குள்ளன் நான், மந்திரக்கோல் கிழவன் அக்கா. அந்தரத்தில் மிதக்கும் கற்களில் தாவித் தாவி ஏழு மாடிக் கோட்டையில் ஏற வேண்டும். எட்டாத கல் என்றால் ஒருவர் தலைமேல் மற்றவர் ஏறி நின்று தாவலாம். ஏறியது எப்போதும் நான்தான். வௌவால் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பட்டன்களையும் அடிப்பேன்.

"தம்பி, பட்டன அமுக்கணும். அடிக்கப்படாது. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார் அண்ணாச்சி.

அக்காவோ டைப் அடித்துப் பழகிய விரல்களால், பட்டனைப் பார்க்காமலே ஆடினாள். ஆட ஆட அவளுக்கு உயிர்கள் கூடிக்கொண்டே போகும். எனக்கோ இருக்கிற மூன்று உயிரும் முதல் மாடியிலேயே தீர்ந்துவிடும். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் இருந்தது. செத்த பதற்றத்தில் ஸ்டார்ட் பட்டனைக் குத்தினால் குள்ளன் மறுபடி எழுந்து நிற்பான். மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அண்ணாச்சிக்குத் தெரிந்தால் அடி விழும் என்று பயந்து, அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை.

கோட்டையை முடிக்கும்போது உயிரோடு இருப்பவர் திரையில் மூன்று எழுத்தில் பெயர் பதிக்கலாம்.

"இதுல ஒரு பொம்பளப் பிள்ளையாச்சும் இருக்கும்னு நெனைக்க?" என்று திரையில் ஓடிய பெயர்களைக் காட்டி அக்கா கேட்டாள். அன்றிலிருந்து பஸ்ஸில் தன் மடிமேல் மூன்று எழுத்தை விரலால் தட்டிக்கொண்டே வருவாள். என்ன எழுத்துகள் என்பது எனக்கும் மனப்பாடம்.

பரீட்சை அன்றுதான் கடைசிச் சனிக்கிழமை. அதற்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் போக ஒரு காரணமும் இல்லை. பரீட்சை முடிந்த கையோடு கடைக்குள் போனோம். ஏழாவது மாடி வரை ஏறிவிட்டோம். அங்கே எலும்பு பூதம். அக்கா அதைப் பாதிக்கு மேல் அடித்து முடித்திருந்தாள். நான் செத்தேன், ஸ்டார்ட்டைக் குத்தினேன். செத்தேன், குத்தினேன். அடுத்த அடி அக்காவுக்கு விழுந்தது. கிழவன் காணாமல் போனான். திரும்பி வரவே இல்லை.

"அடிலே, நீ இருக்கல்லா" என்றாள்.

கண்ணை மூடி அடித்தேன். திறந்தபோது பூதம் விழுந்து கிடந்தது. பெயர் எழுதப் பத்து விநாடி. அவளுடைய மூன்று எழுத்துகளையே நான் எழுதியிருக்கலாம். எனக்கோ என் பெயரே மறந்துவிட்டது. கையில் வந்ததை அமுக்கினேன். ஏ, ஏ, ஏ என்று விழுந்தது, யாரோ யாரையோ தெருவில் கூப்பிடுவதுபோல.

போன மாதம் என் மகள் அதே ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்தாள். நான் வழக்கம்போல் செத்து, வழக்கம்போல் ஸ்டார்ட்டை அமுக்கினேன். "அப்பா, அது என் உயிரு. என் கணக்குல இருந்து எடுக்கீங்க" என்று கையைத் தட்டிவிட்டாள்.

அன்றைக்கே ஆலங்குளத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"தெரியும்லே. நீ ஒவ்வொரு தடவ குத்தும்போதும் என் பக்கத்துல ஒண்ணு கொறையுமே."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா பயத்துல இன்னும் நாலு தடவ செத்திருப்ப." சிரித்தாள். "போட்டும். நீ இல்லாட்டி என்னைய அந்தக் கடை வாசல்ல நிக்க விட்டிருப்பாகளா?"

அந்தக் கடைசி நாள் பஸ்ஸில், அவள் பங்குப் பால்கோவாவிலும் பாதியை என்னிடம் நீட்டினாள். தோற்றவள் கொடுக்கிறாள் என்று வாங்கிக்கொண்டு, "நீ அவுட்டு, நான் அவுட்டே ஆகல" என்று பாதி வழி வரை பாடினேன். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தபோது மட்டும் பாட்டை நிறுத்திக் கைகூப்பினேன். அந்த மெஷினைக் கடைசிவரை ரிப்பேராகவே வைத்திருந்ததற்கு ஆண்டாளுக்கு நன்றி.

"என்னலே வேண்டிக்கிட்ட?" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா.

"உனக்கெல்லாம் சொல்ல முடியாது" என்றேன்.