சத்தமில்லாத பெட்டி

அட்டையை மடித்து, ஓரத்தில் டேப் ஒட்டி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார் மாரிக்கண்ணன். செங்கல் மாதிரி ஒரு கட்டி தயார். அதைத் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இறக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். இடிக்காமல் உட்கார்ந்தால் அதே அளவுக்கு, உள்ளே கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை வாங்கக் கிளம்பிவிடுவார். இடித்தால் அட்டையில் ஒரு நூல் அளவு நறுக்குவார். "எழுத்து பொய் சொல்லும். அட்ட சொல்லாது" என்பார்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து திரும்பும் சந்தில் கடை. அவர் உட்கார்ந்தால் வந்தவர் நிற்கவேண்டும், அவ்வளவுதான் இடம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் அக்கம்பக்கத்துத் தோல் கடை, தையல் பட்டறை, டியூஷன் கிளாஸ் எதன் கம்ப்யூட்டரும் அவர் கை படாமல் ஓடியதில்லை. ஸ்குரூவை உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வார். அந்நேரம் பிரதமரே வந்து கேட்டாலும் "ம்" என்பதுதான் பதில்.

இங்கிலீஷ் வாசிக்க வராது. நம்பர் தெரியும், படம் புரியும். டப்பாவில் இருக்கும் பொடி எழுத்தை வாசித்துச் சொல்ல மகள் கலைச்செல்வி இருந்தாள். இப்போது அவள் வாஷியில் இருக்கிறாள்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். விளம்பரக் கம்பெனிக்குப் பொம்மைப்படம் செய்கிற வேலை அவளுக்கு, வீட்டிலிருந்தே. அதற்கு அவர் கட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர் இடுப்பு உயரம். வேலை ஏறினால் அதன் காற்றாடி மாவு மில்லாட்டம் இரையும். ஒரே அறை வீடு. "ஒண்ணு இது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்" என்று மனைவி பூமாரி ஒருநாள் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அடுத்த மாதம் மகள் இரண்டு தோழிகளோடு சேர்ந்து வாஷியில் அறை எடுத்துவிட்டாள். நடையும் ரயிலும் சேர்த்து ஒரு மணி நேரத் தூரம். ஆனாலும் தட்டு மூன்று வைத்த இடத்தில் இரண்டு வைப்பது பழகவில்லை.

"பதினோரு மாச அக்ரிமென்ட்டுப்பா. முடியட்டும், பாப்போம்" என்றிருந்தாள். அந்தப் 'பாப்போம்' என்ற சொல்லைத்தான் மனிதர் பத்து மாதமாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது மகளுக்கென்று அவர் கட்டும் சின்னப் பெட்டி அதற்காக. பீரோவுக்கும் டிவிக்கும் நடுவே அடங்குகிற அளவு. உள்ளே தண்ணீர் ஓடும் குழாய், சூட்டை வெளியே தள்ள ஒரு ரேடியேட்டர். காற்றாடி மெல்லச் சுற்றினால் போதும், பக்கத்தில் படுத்தாலும் கேட்காது. பெட்டி வந்துவிட்டது, ரேடியேட்டர் வந்துவிட்டது. பவர் சப்ளைக்கு வழக்கம்போல் அட்டைக்கட்டி செய்தார். கச்சிதம். வாங்கி வந்து இறக்கினார், அதுவும் கச்சிதம். வயரைச் சொருகப் போனபோதுதான் தண்ணீர்க் குழாய் நசுங்கியது. பெரிய பெட்டிகளில் வயர் வளைய இடம் தாராளமாகக் கிடக்கும், அதனால் அட்டைக்கட்டி இதுவரை அவரை ஏமாற்றியதே இல்லை. இதில் சப்ளைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு விரல் கூட நுழையவில்லை.

லேமிங்டன் ரோட்டில் அதை விற்ற கடைக்காரர் ஷாகிர் அந்த சப்ளையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம், ஊர்க்காரர் வேறு.

"உடம்ப அளந்துருக்கீரு, வால அளந்தீரா வே?"

"அட்டைக்கு ஏதுவே வாலு?"

"அதான் கோளாறு. பெட்டியோட வந்த புஸ்தகத்துல போட்டிருப்பான். யாரையாச்சும் வாசிக்கச் சொல்லும். அளவு தெரியாம இன்னொண்ண நான் மாத்தித் தரமாட்டேன்."

யாரையாவது என்றால் யாரை? வேண்டுமானால் ஷாகிரையே வாசிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடை வாசலில் நின்று பையிலிருந்த புத்தகத்தில் பெட்டிப் படம் போட்ட பக்கத்தைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். இரண்டே நிமிஷத்தில் போன் வந்தது.

"ரேடியேட்டர் மாட்டுனா சப்ளை நூத்தி முப்பது மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும்ப்பா. வயரோட சேத்து. சின்ன சைஸ் சப்ளை போடுங்க, நூறுதான் வரும். ஓட்டைக்குப் பொருந்த ஒரு தகடு கூடவே வரும். யாருக்குப்பா இது? பயங்கர பார்ட்டியா இருக்கே?"

"ஒரு கஸ்டமருக்கு."

"எந்த கஸ்டமர்?"

மனிதருக்கு வாயில் ஸ்குரூ இல்லை. ஆனாலும் "ம்" என்றுதான் வந்தது.

"அப்பா..."

"சத்தமே வராதுட்டி. அம்மைக்குத் தலவலி வராது" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழம வாறேன்" என்றாள்.

நூறு மில்லிமீட்டர் சப்ளை கையகலம்தான். அதே பலம். தகடு வைத்து முடுக்கினார். வயர் தாராளமாக வளைந்தது. ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வி வந்தாள், பெரிய வேலை ஒன்றை ஏற்றி ஓடவிட்டாள். பூமாரி அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"ஓடுதா இது?"

"ஓடுதும்மா!"

மகள் சிரித்தாள். பெட்டியை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிப் பார்த்தாள். "எவ்வளவு சின்னது! கையிலயே கொண்டு போயிரலாம்" என்றாள். சொன்ன பிறகுதான் அப்பா முகத்தைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழம அக்ரிமென்ட்ட புதுப்பிச்சுட்டோம்ப்பா. அவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க... நான் மட்டும் எப்படி..."

மாரிக்கண்ணன் சுவிட்சை அணைத்து, பெட்டியின் வயரைக் கழற்றினார்.

"சாய்க்காம தூக்கணும். உள்ள தண்ணி இருக்கு. நான் கொண்டாறேன்."

டாக்சி வேண்டாம் என்றுவிட்டார், ரோட்டுக் குழியில் குலுங்குமாம். ஜிடிபி நகரில் ரயில் ஏறினார்கள். திலக் நகரில் சீட் கிடைத்தது. வாஷி வரை பெட்டி அவர் மடியில் இருந்தது. "கீழ வைங்கப்பா, கால் மரத்துப்போகும்" என்று மகள் இரண்டு தடவை சொன்னாள். கேட்டால்தானே.

அறையில் அவள் மேசைமேல் வைத்து, வயர் மாட்டி, சுவிட்ச் போட்டார். ஓடியது, சத்தமில்லை. டீ வந்தது, குடித்தார். தோழிகள் வந்தார்கள், "நமஸ்தே அங்கிள்" என்றார்கள். ஏழு இருபது ரயில் போயிற்று, அடுத்ததும் போயிற்று.

"அம்மா தனியா இருப்பாங்களேப்பா" என்றாள் கலைச்செல்வி.

"சூடு ஏறுதான்னு பாத்துட்டுக் கெளம்புதேன்" என்றார் மாரிக்கண்ணன். பெட்டியின் மேலிருந்து வெதுவெதுவென்று காற்று வந்துகொண்டிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தவர், எடுக்கவே இல்லை.