கையால் வெட்டிய கூலி

மூன்று வருடத்துக்கு முன், ஒரு தை மாதக் காலையில், சண்டை போடுவதற்கென்றே கொல்லிமலைக்கு பஸ் ஏறினேன்.

அடிவாரத்தில் எங்களுக்கு மளிகைக் கடை. மலையில் மிளகு வாங்கி விற்று வந்த என் வீட்டுக்காரர், வாசலூர்பட்டி படகு இல்லம் போகிற வழியில் சின்னதாக ஓர் இடம் வாங்கிப் போட்டிருந்தார். அவர் மவுத்தாகி என்னைத் தனியாக விட்டுப்போன பிறகு அந்தப் பக்கம் போக எனக்கு மனசே வரவில்லை. இடம் புதர் மண்டிப்போனது. சுற்றுலா வருகிறவர்கள் பாட்டிலும் குப்பையுமாக வீச, பாம்பு நடமாட்டமும் வந்துவிட்டதாம். சுத்தம் செய்யச் சொல்லி வந்த நோட்டீஸை நான் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் பஞ்சாயத்தே ஆள் வைத்துச் சுத்தம் செய்துவிட்டு, அந்தச் செலவை என்னைக் கட்டச் சொல்லி அடுத்த நோட்டீஸ் அனுப்பியது.

கட்ட மாட்டேன் என்றில்லை. தொகையைப் பார்த்ததும்தான் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் விட்டால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அத்தனை ஆள்கூலி போட்டிருந்தார்கள். கடைக்காரியிடமேவா கணக்குக் காட்டுகிறார்கள் என்று கொதித்துக்கொண்டு போனேன்.

ஆபீஸில் இருந்த எழுத்தர் நான் கத்தி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். "ஏனுங்க, மெஷின் வேண்டாம்னு வேலையாளுங்கதான் ஒரே புடியா நின்னாங்க. நீங்களே வந்து பாருங்க" என்று கூட்டிப்போனார்.

இடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நடுவில் ஒரே ஒரு சில்வர் ஓக் மரம். அதன்மேல் சரம் சரமாகக் காய்த்துத் தொங்கியது ஒரு மிளகுக்கொடி. அப்படி ஒன்று அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

ரோட்டோரம் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மா, நான் யாரென்று எழுத்தர் சொன்னதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார்.

"வாங்க பாயம்மா. இது பாய் வெச்ச கொடிங்க. எங்க ஊட்டுக் கொடியில இருந்து நான்தான் வெட்டிக் குடுத்தேன். புதருக்குள்ள மெஷின உட்டா வேரோட போயிருமில்லீங்க? அதான் கொடுவாளாலயே பதனமா வெட்டுனோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவரு" என்றேன்.

"காய்ச்சதுக்கு அப்புறம் கூட்டியாந்து காட்டோணும்னு சொல்லீட்டே இருந்தாருங்க. 'எல்லாத்துக்கும் வெல பேசுவா, இதுக்கு மட்டும் பேச முடியாது'ன்னு சிரிப்பாரு. மொதக் காய நீங்கதான் பறிக்கோணும்னு நாங்க யாருமே தொடலீங்க."

அவ்வளவுதான். நாலு பேர் போகிற ரோடு என்றும் பார்க்காமல் முக்காட்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தாழ்ந்திருந்த ஒரு சரத்தில் வைத்தார். அவர் கையெல்லாம் உண்ணிச்செடி முள் கிழித்த கோடுகள்.

ஆபீஸுக்குத் திரும்பி, பேரம் பேசாமல் முழுப் பணத்தையும் கட்டினேன். எழுத்தருக்கே ஆச்சரியம்.

என் வீட்டுக்காரர் எனக்கென்று வைத்துவிட்டுப் போனதை, அவரைத் தெரிந்தவர்கள் முள்ளுக்குள் கையை விட்டு மீட்டுத் தந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, நான் தனியாள் என்ற எண்ணம் இன்றைக்கும் எனக்கு வருவதில்லை.