பனி என்று அவள் சொன்னது

பிரியமானவர்களே, ஒரே ஒரு சொல் விளங்காமல் ஒரு பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் நான்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். கேரளத்தில் ஏதோ விஷக்காய்ச்சல் பரவுகிறது என்று, புளியறைச் சோதனைச் சாவடியில் வருகிறவர்களுக்குக் காய்ச்சல் பார்க்கும் வேலையில் என்னைப் போட்டிருந்தார்கள். நான் சுந்தரபாண்டியபுரத்துக்காரி. மலையாளம் சுட்டுப்போட்டாலும் வராது. அன்று எனக்கு அங்கே இரண்டாம் நாள்.

காலையில் ஒரு கார் வந்தது. குற்றாலத்தில் கல்யாணமாம். பின்சீட்டில் ஒரு இளம்பெண், மடியில் தலை வரைக்கும் சால்வை மூடிய குழந்தை. யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டேன்.

"மோள்க்கு பனியாணு" என்றாள்.

அன்றைக்கு எதிரே வரும் லாரிகூடத் தெரியாத பனி. பிள்ளைக்குக் குளிருகிறதாக்கும் என்று இரக்கப்பட்டேன். சால்வையை விலக்கினால் முழித்து அழுமே என்று காய்ச்சல் பார்க்கும் கருவியை நெற்றியில் காட்டவும் இல்லை.

"ஆமா தாயி, இங்கன பனி சாஸ்திதான். நல்லா போத்திக்கோ" என்று அனுப்பிவிட்டேன்.

சாவடிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எம்மா, அவுக பாஷையில பனின்னு சொல்லுதது காய்ச்சலைத்தான்லா."

சாவடிக்கு ஓடிவந்து அதிகாரிக்குப் போன் போட்டேன். வண்டி நம்பர் கேட்டார். நான் குறிக்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, கல்யாணக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தொற்றுமோ! சாவடிக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவங்களைத் திருப்பி அனுப்பும்" என்று மட்டும் அழுதேன்.

கால்மணி நேரத்தில் அதே கார் திரும்பி வந்து நின்றது.

வழியில் குழந்தை பால் குடிக்கவில்லை, கண் செருகிவிட்டது. தெரியாத ஊரில் யாரைக் கேட்பது? போர்த்தச் சொன்ன அந்தச் சேச்சியிடமே போவோம் என்றாளாம் தாய். அண்ணாச்சிதான் எனக்குச் சொல்லிப் புரியவைத்தார். கருவியில் நூற்று நான்கு காட்டியது. ஆம்புலன்ஸில் தென்காசி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை என்னையும் வீட்டில் தனியே இருக்கச் சொன்னார்கள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் தகவல் வந்தது: அந்த விஷக்காய்ச்சல் இல்லை, நெஞ்சில் சளி கட்டிய காய்ச்சல். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றாராம் டாக்டர்.

என் தப்பிலிருந்தே ஆண்டவர் அவர்களுக்கு வழி திறந்தார். அதற்காக நான் செய்தது தப்பில்லை என்று ஆகிவிடாது. இப்போது யார் வந்தாலும் "காய்ச்சலா? பனியா?" என்று இரண்டு பாஷையிலும் கேட்கிறேன். சால்வையையும் விலக்குகிறேன், அழுதால் அழட்டும். நீங்களும் நம்பி ஜெபியுங்கள். ஜெபித்து எழுந்ததும், விளங்காததை இன்னொரு தடவை கேளுங்கள்.

போன வாரம் அந்தத் தாய் போன் செய்தாள்.

"மோள்க்கு இப்போ பனியில்ல, சேச்சி."

யாரும் சொல்லித்தராமலே எனக்கு விளங்கியது. ஸ்தோத்திரம்.